பாராட்டு, மதிப்பு, நன்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளில் பெற்றோர்களிடமும், சின்னச் சின்ன நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களிடமும் இந்த விஷயம் பற்றிப் பேசப் போகும்போது, எந்த ஊராக இருந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கூட்டத்தில் கை தூக்கிக் கேட்பவை பாதி. மீதிப் பாதி, எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது தனியாக வந்து கேட்பவை. இரண்டாவது வகைதான் எப்போதும் கனமானது.

பாராட்டு, புகழ்ச்சி, நன்றி மூன்றும் ஒன்றுதானே?

‘பாராட்டு’ என்ற சொல்லை நாம் வேறு எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். ‘பகை பாராட்டாதே’ என்கிறோம். ‘வித்தியாசம் பாராட்டாமல் எல்லோரிடமும் பழகுவார்’ என்கிறோம். ‘சீராட்டிப் பாராட்டி வளர்த்த பிள்ளை’ என்கிறோம். இவற்றில் எங்கேயும் புகழ்ச்சி கிடையாது. ஒன்றைப் பொருட்டாக எடுத்துக்கொள்வது, அதைக் கணக்கில் வைப்பது, அவ்வளவுதான். புகழ ஒருவரைப் பார்த்திருக்கவே தேவையில்லை. மாலையும் மைக்கும் இருந்தால் போதும். பாராட்ட வேண்டும் என்றால் கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நன்றி கதை இன்னும் சுவாரசியம். குறளில் ‘தினைத்துணை நன்றி செயினும்’ என்று வரும்போது, நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அது செய்யப்படுகிற ஒன்று. அதிகாரத்தின் பெயரே ‘செய்ந்நன்றி அறிதல்’. செய்தவர் செய்தார், பெற்றவர் அதை அறிய வேண்டும். இன்றைக்கு நாம் அதை மேடைப் பேச்சின் கடைசி வார்த்தையாகவும் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மையாகவும் சுருக்கிவிட்டோம்.

விழுமியம், விழுமியம் என்கிறீர்களே, அது என்ன?

பாடப்புத்தகச் சொல்லை விடுங்கள். ‘மதிப்பு’ போதும். மதித்தல் என்றால் அளவிடுவது, மரியாதை கொடுப்பது இரண்டும்தான். பொருளின் விலைக்கும் மதிப்பு, மனிதருக்குக் காட்டும் மரியாதைக்கும் மதிப்பு, பரீட்சையில் போடுவதும் மதிப்பெண்.

ஒரு வீட்டின் மதிப்புகளைத் தெரிந்துகொள்ள, பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வியைக் கவனித்தால் போதும். ‘எத்தனை மார்க்?’ என்று கேட்கும் வீடு உண்டு. ‘பக்கத்து பெஞ்சுப் பையன் எத்தனை?’ என்று கேட்கும் வீடும் உண்டு. ‘சாப்பாட்டை மிச்சம் வைத்தாயா?’ என்று டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கும் வீடு இன்னொன்று. பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்லித் தருகிறோமே என்பார்கள். பிள்ளை கதையைக் கேட்கும், வாசல் கேள்வியைத்தான் மனப்பாடம் செய்யும்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதே இல்லை. இது குறையா?

கவலைப்படாதீர்கள், உலகமே அப்படித்தான். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து கண்டங்களில் பேசப்படும் எட்டு மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். வீட்டிலும் ஊரிலும் ஒருவர் கேட்டதை இன்னொருவர் செய்து கொடுக்கும்போது எத்தனை முறை வாய்விட்டு நன்றி சொல்கிறார்கள் என்பது கேள்வி. சராசரியாக 20 முறைக்கு ஒரு முறைதான். ஆங்கிலமும் இத்தாலியமும் பேசுகிறவர்கள் கொஞ்சம் அதிகம் சொல்கிறார்கள், அதுகூட ஏழில் ஒரு பங்கு அளவுதான். ஈக்வடாரில் பேசப்படும் சாப்பாலா என்ற மொழியில் நன்றி சொல்ல வழக்கமான ஒரு சொல்லே இல்லை. அந்த மக்கள் உதவாமல் இருக்கிறார்களா என்றால், கேட்டதைச் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நெருங்கியவர்களுக்குள் உதவி என்பது எதிர்பார்க்கப்படுவது, அதற்கு வார்த்தை கட்டாயம் இல்லை.

நம் வீடுகளிலும் வேறு ஒரு மொழி ஓடுகிறது. ‘இன்னொரு கரண்டி ஊத்து’ என்பதுதான் ரசத்துக்கான சான்றிதழ். எங்கள் அப்பா இந்த மொழியில் பண்டிதர். எனக்குப் பதினைந்து வயது இருக்கும், கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. குழாயில் குடம் குடமாக ஊற்றினாலும் நிற்காமல் இறங்கிவிடுகிறது. அப்பா டவுனுக்குப் போயிருந்தார். நான் படியில் இறங்கி, குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட்வால்வை மேலே இழுத்துக் கழற்றிப் பார்த்தால், உள்ளே வாசர் மூட முடியாமல் ஒரு நத்தை ஓடு. எடுத்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டி, தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டேன். தொட்டி நிறைந்தது. அப்பா சாயங்காலம் வந்தார், தொட்டியைப் பார்த்தார், சேறு அப்பிய என் சட்டையைப் பார்த்தார். ‘சரி, கை கால் கழுவிட்டுச் சாப்பிடு’ என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மோட்டார் மறுபடி மக்கர் செய்தது. மெக்கானிக் வந்திருந்தார். அப்பா அவரிடம், ‘இருங்க, தம்பி ஸ்கூல் விட்டு வரட்டும். அவனுக்குத் தெரியும்’ என்றார். மெக்கானிக் முக்கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

ஆக, குறை இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதம் இருக்கிறதே, அது எனக்கு நீளமாகத்தான் இருந்தது. அவர் வீட்டு மொழி எனக்குப் புரிய வயது ஆக வேண்டியிருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை மொழிபெயர்த்துக் கொடுக்க யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம். இதனால்தான் வாயாலும் சொல்லுங்கள் என்கிறேன்.

பிள்ளையை எதிரே வைத்துப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும், தலைக்கனம் வரும் என்கிறாரே பாட்டி?

பாட்டியைத் திருத்தப் போகாதீர்கள். பேத்தியை அலங்காரம் செய்து பார்த்துவிட்டு ‘குரங்குக்குட்டி மாதிரி இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே கன்னத்தில் மைப்பொட்டு வைப்பார்கள். அந்தப் பொட்டை விடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது?

தலைக்கனம் பற்றிய பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ‘உன்னை மாதிரி எவனும் கிடையாது’ என்றால் ஏறத்தான் செய்யும். ‘நேற்று தம்பிக்குப் பொறுமையாக வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன்’ என்பதில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது?

‘சூப்பர்’, ‘செம’ என்றால் போதாதா? எப்படித்தான் பாராட்டுவது?

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டு. சண்டையில் இறந்த வீரனைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்ற பெயருடைய நாய், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது.

பெயர் இருக்கிறது, என்ன செய்தது என்று இருக்கிறது, எத்தனை பேரை என்றுகூட இருக்கிறது. ‘நன்றியுள்ள பிராணி’, ‘வீரத்தின் சிகரம்’ என்ற மாதிரி ஒரு அடைமொழி கிடையாது. கல்லில் வெட்டுகிறவன் எழுத்தைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பான், அதனால் தேவையானது மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1,400 வருஷத்துக்குப் பிறகும் அந்த நாய் என்ன செய்தது என்று நமக்குத் தெரிகிறது. போன மாதம் உங்கள் அலுவலகத்தில் ‘சிறந்த ஊழியர்’ கேடயம் வாங்கியவர் என்ன செய்து வாங்கினார் என்று உங்களால் சொல்ல முடியுமா?

யாரைப் பாராட்டுவதாக இருந்தாலும் நான் கோவிவனை நினைத்துக்கொள்வேன். ‘பிரசன்டேஷன் சூப்பர்’ என்பதற்குப் பதில், ‘அந்த மூணாவது கேள்விக்குத் தெரியாதுன்னு நேராச் சொன்னீங்களே, அது எனக்குப் பிடிச்சது’ என்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகளைப் பாராட்டுவதில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனைகள் 1998இல் வெளிவந்தன. முதலில் எல்லோருக்கும் செய்ய முடிந்த புதிர்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ அறிவாளி’ என்றார்கள், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, அறிவாளிகளில் பெரும்பாலோர் தோற்க வாய்ப்பில்லாத சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் கடினமான புதிர் கொடுத்து எல்லோரையும் திணற வைத்துவிட்டு, மறுபடி பழைய அளவுப் புதிரைக் கொடுத்தால், அறிவாளிகள் முன்பு வாங்கியதைவிடக் குறைவாக வாங்கினார்கள். தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் அவர்களில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

இதைப் படித்துவிட்டுச் சிலர், எடுத்ததற்கெல்லாம் ‘நல்லா உழைச்ச, நல்லா உழைச்ச’ என்று மந்திரம் போலச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். 35 மார்க் வாங்கி வந்தவனிடம் ‘முயற்சி பண்ணியே, அது போதும்’ என்றால், ‘உனக்கு இவ்வளவுதான் வரும்’ என்றுதான் அவன் காதில் விழும். எந்தக் கணக்கில் எந்த வரியில் தடுமாறினான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் அவனைப் பொருட்டாக எடுத்துக்கொள்வதுதான்.

பரிசு, பணம் கொடுத்து ஊக்குவிக்கலாமா? ‘முதல் ரேங்க் வாங்கினால் சைக்கிள்’ என்பது தவறா?

ஏற்கெனவே பிள்ளை ஆசையாகச் செய்யும் காரியமாக இருந்தால், முன்கூட்டியே பேரம் பேசாதீர்கள். 1973இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வில், படம் வரைவதில் ஆர்வமுள்ள நர்சரிக் குழந்தைகளிடம் ‘வரைந்தால் பரிசுச் சீட்டு’ என்று சொல்லி வரைய வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கடைசியில் பரிசு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆக சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், பிள்ளைக்கு சைக்கிள் தேவை என்பதற்காக.

அலுவலகத்தில் பாராட்டுக்கு நிஜமாகவே மதிப்பு உண்டா? சம்பளம்தானே முக்கியம்?

சம்பளம்தான் முக்கியம். மூன்று வருஷமாகச் சம்பளத்தை ஏற்றாமல் கேக் வெட்டிக் கைதட்டும் முதலாளிகளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் 2008இல் டான் ஏரியலியும் சகாக்களும் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். காகிதம் நிறைய எழுத்துகள், அதில் குறிப்பிட்ட எழுத்து இரண்டு ஒட்டி வரும் இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாள் முடித்தால் காசு. அடுத்த தாளுக்குக் கொஞ்சம் குறையும், அதற்கடுத்ததற்கு இன்னும் குறையும். எப்போது வேண்டுமானாலும் போதும் என்று எழுந்து போகலாம். முதல் குழுவினர் தாளில் தங்கள் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கியவர் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்து, ‘ம்’ என்று தலையாட்டி அடுக்கில் வைத்தார். இரண்டாவது குழுவில் பெயர் கிடையாது, வாங்கியவர் பார்க்காமலே அடுக்கில் வைத்தார். மூன்றாவது குழுவினர் கொடுத்த தாளை அவர்கள் கண் எதிரிலேயே காகிதம் வெட்டும் இயந்திரத்தில் போட்டார்.

மூன்றாவது குழு சீக்கிரம் எழுந்து போகும் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டாவது குழுவும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் எழுந்து போனது. பார்க்காமல் வைப்பதற்கும் கிழித்துப் போடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு ‘ம்’ சொல்லும் வேலை அவ்வளவுதான், அதைக் கூடச் செய்யாமல் எத்தனை மேலாளர்கள் மாத அறிக்கையை வாங்கி மேசையில் போடுகிறார்கள்!

நம் ஊரில் இதற்கு ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறோம், ஆயுத பூஜை. ஸ்பேனரில் இருந்து லேத் வரைக்கும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். நான் போன ஒரு பட்டறையில் முதலாளியே எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். மூலை மெஷினை இருபது வருஷமாக ஓட்டும் பெரியவர் பொரிப் பொட்டலத்துக்காக ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மெஷினுக்குக் கிடைத்தது கைக்குக் கிடைக்கவில்லை. ‘அந்தந்த மெஷினுக்கு அதை ஓட்டுகிறவரே பொட்டு வைக்கட்டுமே’ என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவருஷம் அப்படித்தான் செய்தார்களாம். பெரியவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாராம்.

ஐஸ் வைப்பதற்கும் பாராட்டுவதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

ஐஸ், சோப்பு, ஜால்ரா, காக்கா பிடிப்பது என்று இத்தனை பெயர் வைத்திருக்கும் சமூகத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சோதனை ஒன்றே ஒன்று: வாட்ச்மேனையும் பாராட்டுகிறாரா, மேலே இருப்பவரை மட்டுமா?

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்டு வாங்க வேண்டுமா?

டீ நேரத்தில் அதிகம் வரும் கேள்வி இது.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு, செய்யாதவர்கள் அந்தச் சராசரியிலேயே வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, ‘உதவித்தொகை’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத் தொகை’ என்று வைத்தார்கள். தொகை போதுமா என்பது வேறு விஷயம். பெயரில் ஒரு மதிப்பீடு இருக்கிறது.

கேட்டு வாங்கலாமா என்றால், தாராளமாக. ‘இன்னைக்கு வத்தக்குழம்பு எப்படி இருக்கு?’ என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது வார்த்தையா, இன்னொரு ஜோடிக் கையா என்று முதலில் யோசியுங்கள். ‘எங்கம்மா மாதிரி யாராலும் சமைக்க முடியாது’ என்று முகநூலில் எழுதிவிட்டுத் தட்டைக்கூடக் கழுவி வைக்காத மகன்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாத்திரம் தேய்ப்பவனின் பாராட்டுக்குத்தான் எடை அதிகம்.

‘உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்’ என்று சொல்லிக்காட்டுகிறவர்களை என்ன செய்வது? நன்றிக்கடனுக்கு எல்லை உண்டா?

கம்பன் இந்தக் கேள்வியைத் தீர்க்காமலே விட்டிருக்கிறான், அது அவன் பெருமை. ராவணன் செய்வது தவறு என்று இரண்டு தம்பிகளுக்கும் தெரியும். விபீஷணன் விலகிப் போகிறான். கும்பகருணன், இத்தனை நாள் என்னை வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுச் சாகப் போகிறான். படிக்கும்போது இரண்டு பேர் பக்கமும் மனசு போகிறது.

சாதாரண மனிதர்களுக்கு நான் சொல்வது: செய்த உதவியை நீங்கள் மறக்கக் கூடாது, அதை வைத்து அவர் உங்கள் கல்யாணத்தை, வேலையை, ஓட்டைத் தீர்மானிக்கக் கூடாது. படிக்கப் பணம் கொடுத்த மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருங்கள். அதற்காக அவர் மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் மொய் நோட்டு எவ்வளவோ மேல். எவ்வளவு வந்தது என்று மை வைத்து எழுதியிருக்கும், அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தால் கணக்கு நேர். சொல்லிக்காட்டுகிற கடனுக்குத்தான் தொகை எழுதியிருக்காது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

தினமும் நன்றிக் குறிப்பு எழுதினால் மனசு மாறுமா?

கொஞ்சம் மாறும். 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தொல்லைகளை எழுதியவர்களைவிட உற்சாகமாக இருந்தார்கள். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் பலன் சிறியது என்கின்றன. மனச்சோர்வுக்கு இது மருந்து ஆகாது, டாக்டரிடம் போங்கள். நோட்டில் எழுதுவதைவிடச் சம்பந்தப்பட்டவருக்கே ஒரு கடிதம் எழுதுவது எனக்குப் பிடிக்கும். எழுதுகிறவர்கள் ‘அவருக்குச் சங்கடமாக இருக்குமோ’ என்று பயப்படும் அளவுக்குப் பெறுகிறவர்களுக்குச் சங்கடம் இல்லை, எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்கள் அதிகமாக மகிழ்ந்தார்கள் என்று 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி செய்த ஆய்வு சொல்கிறது.

யாராவது பாராட்டினால் கூச்சமாக இருக்கிறது.

‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்றால் சொன்னவர் பார்த்தது தப்பு என்று ஆகிவிடும். ‘சந்தோஷம்’ என்று சொல்லுங்கள், போதும்.

செய்தவர் போன பிறகு காட்டும் நன்றிக்கு என்ன பொருள்?

கண்ணீர் அஞ்சலி பேனரை நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால், இருப்பவர்களின் போட்டோக்கள்தான் அதில் அதிகம். கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு முறை ஜனவரியில் போய் வாருங்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15. அன்றைக்கு அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம். பிள்ளைகளுக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம்கூட 2013இல்தான் வந்தது. ஜனங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள், ஏனென்றால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. நீங்கள் உங்கள் அப்பாவிடம் நன்றி சொன்னீர்களா?

இல்லை. நான் ஆரம்பித்தால் அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பழைய மோட்டாரை மாற்ற வேண்டும், எது வாங்கலாம் என்று அவரிடம் கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை, நெட்டில் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். கிணற்றின் ஆழம், கோடையில் தண்ணீர் எந்தப் படி வரை இறங்கும், லைனில் கரண்ட் எப்போது குறையும் என்று ஒரு மணி நேரம் பேசினார். ‘ஏழரை ஹெச்.பி. போடலாமா?’ என்றேன்.

‘அஞ்சு போதும். ஏழரையை எதுக்கு வீடு தேடிக் கூப்பிடுற?’ என்றார்.